காலையில் கலை, மாலையில் கடை: கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) ஒரு நாளுக்கு எந்த வழி?

பள்ளி விடுமுறைக்குத் தைப்பிங்கிலிருந்து அக்கா வந்திருந்தார். என்னோடு சுற்ற அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாள். காலையில் கலை சார்ந்த ஏதாவது ஓர் இடம், மதியத்துக்கு மேல் கடைகள், இரவு இ.டி.எஸ். ரயிலில் ஊருக்கு. உடன் வேலை பார்க்கும் மலாய் ஆசிரியை பணி ஓய்வு பெறுகிறாராம். அவருக்கு ஒரு நல்ல துணி வாங்க வேண்டும் என்பதுதான் அக்காவின் முக்கிய வேலை.

இப்படி ஒரு நாளுக்கு நான் அறிந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேசியக் கலைக்கூடம் பார்த்துவிட்டு புக்கிட் பிந்தாங் பேரங்காடிகளுக்குப் போவது. இன்னொன்று, இஸ்லாமியக் கலை அரும்பொருளகம் பார்த்துவிட்டு பாசார் செனி கைவினைச் சந்தைக்குப் போவது. முதலாவதைப் போன ஆண்டு மகளோடு செய்தேன். அக்காவை இரண்டாவதற்கு அழைத்துப் போனேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

செலவைப் பார்த்தால் தேசியக் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அரும்பொருளகத்துக்கு உண்டு. குளிர்சாதனம், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இரண்டு பக்கமும் குறையில்லை.

1958-இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடம் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது 1998-இல். உள்ளே வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம் எனக்கு மிகவும் பிடித்தது. படிக்கட்டு ஏறும் களைப்பில்லாமல் மேலே போய்விடலாம். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நீங்கள் போகும் நாளில் எது தொங்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் வேலை நாளில். என் மகள் வரைவாள். ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்தின் முன்னால் நின்றவளை நகர்த்தவே முடியவில்லை. அப்படிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் அங்கேயே போகலாம். அப்புறம் வெயிலில் சாலையோரமாகத் தித்திவங்சா நிலையம் வரை நடந்து, மோனோரயில் ஏறினால் நேராக புக்கிட் பிந்தாங். ஆனால் பேரங்காடிக்குள் நுழைந்த பிறகு, காலையில் பார்த்த எதுவும் எங்கள் பேச்சில் வரவே இல்லை. காலை வேறு, மாலை வேறு என்று நாள் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அக்காவோடு போன நாளில் அப்படி நடக்கவில்லை. காலையில் பார்த்தது கடையில் கைகொடுத்தது. என் தேர்வுக்குக் காரணமே அதுதான்.

1998 டிசம்பரில் திறக்கப்பட்ட அரும்பொருளகம் தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலகப் பள்ளிவாசல்களின் சிறிய மாதிரிகள், இந்தியா, சீனா, மலாய் உலகம் என்று தனித்தனிக் கூடங்கள், நகை, ஆயுதம், நாணயம் என்று நிறைய உண்டு. மொத்தம் பன்னிரண்டு கூடங்கள். எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிட நினைக்காதீர்கள். நாங்கள் துணிகளுக்கே பாதி நேரத்தைக் கொடுத்தோம்.

சொங்கெட் என்ற மலாய்ப் பாரம்பரியத் துணியை முதலில் பார்த்த அக்கா, "பூ வேலை எவ்வளவு நுணுக்கமா தைச்சிருக்காங்க" என்றார். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்த்த பிறகுதான் அது தையலே இல்லை என்று தெரிந்தது. நெய்யும்போதே, குறுக்கே ஓடும் சாதாரண ஊடை நூலோடு கூடுதலாகப் பொன்னிழையையும் செலுத்துகிறார்கள். அந்த இழை நெடுக்கே ஓடும் பாவு நூல்கள் சிலவற்றைத் தாண்டி மேலே மிதந்து, பிறகு உள்ளே இறங்குகிறது. நம் காஞ்சிப் பட்டின் ஜரிகைப் புட்டாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். மலேசியாவின் சொங்கெட்டை யுனெஸ்கோ 2021-இல் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கிருந்து பாசார் செனிக்கு நடந்தே போனோம். கூம்பும் குவிமாடமுமாக நிற்கும் பழைய ரயில் நிலையத்தைத் தாண்டி, கிள்ளான் ஆற்றுக்கு மேலே நடைபாலத்தில் போனால் இருபது நிமிடம். முழங்கால் வலி உள்ளவர்கள் கிராப் வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்பே கிளம்புங்கள்.

1888-இல் ஈரச்சந்தையாகத் தொடங்கிய இடம் பாசார் செனி. 1980களில் கைவினைச் சந்தையானது. அங்கே ஒரு கடையில் பொன் மினுங்கும் சால்வை ஒன்று தொங்கியது. விலை மலிவு. அக்கா அதைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் இழை எதுவும் இல்லை, வெறும் துணி. "அச்சுதான், கக் (அக்கா)," என்று கடைக்காரப் பெண்ணே சிரித்தபடி சொல்லிவிட்டார். பிறகு அவரே கையால் நெய்த ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். பின்பக்கமெல்லாம் பொன்னிழைகள் ஓடின. முழுச் சொங்கெட் என்றால் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) சுலபமாகத் தாண்டும். அக்காவின் பணப்பைக்கு அது எட்டவில்லை.

அதனால் பாத்தேக் என்ற மெழுகுச் சாயத் துணிகளைப் பார்க்கப் போனோம். அங்கும் அதே சோதனைதான். மெழுகால் கையில் கோடு வரைந்து சாயம் தீட்டிய துணியில் நிறம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இயந்திர அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் செம்பருத்திப் பூ வரைந்த நீல நிறக் கழுத்துத்துணி ஒன்றை எடுத்தார். அதில் ஓர் இதழின் ஓரத்தில் மெழுகு லேசாக வெடித்து, சாயம் மயிரிழையாகக் கசிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் அதையே வேண்டும் என்றார்.

பினாங்கில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் பாத்தேக் ஓவியங்களுக்கென்றே ஒரு சிறிய அரும்பொருளகம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவும் நடக்கும் தூரம்தான். துணியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது இன்னும் பொருத்தமாக இருக்கலாம். நான் அங்கே இருந்தது இரண்டு மணி நேரம் மட்டும் என்பதால், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

நேரம் மிச்சம் இருந்ததால் எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஒரு நிறுத்தம் போய், மஸ்ஜித் இந்தியா பகுதியில் சேலைக் கடைகளையும் பார்த்தோம். அங்கும் அக்கா முந்தானையைத் திருப்பித் திருப்பித்தான் பார்த்தார். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது நீலத் துணி அவர் மடியில் இருந்தது.