400 பவுண்டா, 320 பவுண்டா? அம்ப்ரெல்லா, ஏஜென்சி பேரோல், சொந்த லிமிடெட் கம்பெனி

பிரிட்டனில் ஒரே கான்ட்ராக்ட் வேலைக்கு ஏஜென்சி இரண்டு ரேட் சொல்லும். அம்ப்ரெல்லா, அதாவது கான்ட்ராக்டரை வேலைக்கு வைத்துச் சம்பளம் தரும் இடைநிலை கம்பெனி, வழியே வந்தால் நாளுக்கு 400 பவுண்டு. ஏஜென்சி தன் பேரோலிலேயே வைத்துக்கொண்டால் 320, விடுப்புச் சம்பளம் தனி. 400 பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் 320-தான் ஜெயிக்கிறது.

காரணம், அந்த 400 உங்கள் சம்பளமே அல்ல. அம்ப்ரெல்லாவுக்கு ஏஜென்சி கொடுக்கும் தொகை. சட்டப்படி உங்கள் முதலாளி அம்ப்ரெல்லாதான். ஆனால் முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்சூரன்ஸையும் (அரசின் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) அது இந்தத் தொகைக்குள்ளிருந்தே எடுக்கும்.

ஐந்து நாள் வேலை, 2,000 பவுண்டு. அம்ப்ரெல்லா எடுக்கும் வாரக் கட்டணம், அதாவது மார்ஜின், 20 என்று வையுங்கள்; மிச்சம் 1,980. முதலாளி இன்சூரன்ஸ் (2025 ஏப்ரல் முதல், வாரம் 96 பவுண்டுக்கு மேல் 15%) சுமார் 245. தொழிற்பயிற்சிக்காக முதலாளி கட்டும் அப்ரென்டிஸ்ஷிப் லெவி 0.5%, அதாவது 9. ஆக, மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 1,727. வருமான வரியும் உங்கள் பங்கு இன்சூரன்ஸும் இதற்குப் பிறகுதான். வழக்கமான 1257எல் வரிக் கோடு, பென்ஷன் பிடித்தம் இல்லை என்றால் கைக்கு வருவது 1,205 சுமார்.

ஏஜென்சி பேரோலில் 1,600-உடன் 12.07% விடுப்புச் சம்பளம் 193 சேர்ந்து 1,793. முதலாளி இன்சூரன்ஸ் ஏஜென்சியின் தலைவலி. மார்ஜினும் கிடையாது.

அப்படியானால் அம்ப்ரெல்லா எதற்கு? ஏஜென்சி பேரோல் தர மறுத்தால் வேறு வழியில்லை. அடிக்கடி ஏஜென்சி மாறுபவருக்கு ஒரே முதலாளி, ஒரே பேஸ்லிப் என்ற வசதியும் உண்டு. ஒன்றை மட்டும் சேரும்போதே கேளுங்கள்: அந்த 1,727-க்குள் இருக்கும் விடுப்புச் சம்பளம், சுமார் 186, வாராவாரம் வருமா, பிடித்து வைக்கப்படுமா? பிடித்து வைத்ததைக் கேட்டு வாங்காமல் விலகியவர்கள் அதைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

சொந்த லிமிடெட் கம்பெனி, வேலை ஐஆர்35-க்கு (கம்பெனி வழியே வந்தாலும் உண்மையில் ஊழியர் போல வேலை செய்பவருக்கு ஊழியர் வரியே விதிக்கும் விதி) வெளியே இருந்தால் மட்டுமே லாபம். 2,000-உம் கம்பெனிக்கு வரும். 50,000 வரை லாபத்துக்கு 19% கார்ப்பரேஷன் வரி, மீதியை டிவிடெண்டாக எடுக்கலாம். உள்ளே என்றால் கதை வேறு. 2021 ஏப்ரலிலிருந்து நடுத்தர, பெரிய தனியார் வாடிக்கையாளர்களே அதைத் தீர்மானிக்கிறார்கள். வரி பிடித்த பிறகே பணம் வரும். அக்கவுன்டன்ட் ஃபீஸ்தான் மிச்சம்.

"85% கைக்கு வரும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சிறு சம்பளம் ஒரு வரவு, கடன் அல்லது முன்பணம் என்ற பெயரில் இன்னொரு வரவு என்று வங்கிக் கணக்கில் தெரிந்தால் அது வரி தவிர்ப்புத் திட்டம். 2026 ஏப்ரல் முதல் அம்ப்ரெல்லா கட்டாத பேரோல் வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பு. ஆனாலும் இப்படிக் கடனாக வாங்கிய பணத்துக்கு வரி கேட்டு, வரித்துறையான எச்எம்ஆர்சி உங்களிடமே வரலாம்.

கையெழுத்துக்கு முன் ஏஜென்சி தந்தாகவேண்டிய முக்கியத் தகவல் தாளில் மாதிரிக் கணக்கு இருக்கும். அதில் முதலாளி இன்சூரன்ஸ் எங்கே கழிக்கப்படுகிறது என்று தேடுங்கள். அதற்குக் கீழே உள்ள மொத்தச் சம்பளத்தைத்தான், விடுப்புச் சம்பளமும் சேர்த்த 320-உடன் ஒப்பிடவேண்டும்.