பொர்ரா குகைகள்: அவசியம் போகலாம், அவசரமாகப் போகாதீர்கள்

ஆந்திராவில் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள், வழியில் இருக்கும் பொர்ரா குகைகளை அரைமணி நேரத்தில் 'முடித்துவிட்டு' கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

விசாகப்பட்டினத்திலிருந்து காலையில் கிரண்டுல் ஊருக்குக் கிளம்பும் பயணிகள் ரயிலில் போவதுதான் என் சிபாரிசு. அனந்தகிரி மலையில் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து ஏறும் அந்தப் பாதைக்காகவே போகலாம். அதே தண்டவாளம் குகைக்கு மேலேயும் செல்கிறது!

வாசல் பிரம்மாண்டம். உள்ளே போகப் போக, கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே தரையிலிருந்து கல்முளைகள் எழுகின்றன. ஒரு விழுதின் நுனியில் சொட்டு நீர் திரண்டு, தயங்கி, விழுவதை நின்று பார்த்தேன். அந்தச் சொட்டு விட்டுப்போகும் துளியூண்டு சுண்ணாம்புதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இப்படி வளர்ந்திருக்கிறது. அதனால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்டால் வளர்ச்சி கெடும். என் கண்ணெதிரே ஒருவர் அதில் சாய்ந்து செல்ஃபி எடுத்தபோது மனசு பதறியது.

வண்ண விளக்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளை வெளிச்சத்தில்தான் கல்லின் உண்மையான நிறம் தெரிகிறது.

படிகள் நிறைய, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ள அம்மா முகப்பு மண்டபத்தோடு நின்றுவிட்டார். அதுவே அவருக்கு நிறைவாக இருந்தது. சிவலிங்கம் இருக்கும் இடத்துக்குச் செங்குத்தான படி ஏற வேண்டும். பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

அப்புறம், வெளியே மூங்கில் கோழி (மூங்கில் குழாய்க்குள் வைத்துச் சுட்ட கோழிக்கறி) சாப்பிடுங்கள். குரங்குகள் வரும், பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.