மெமுவார் 44: ஆட்டக்காரரை அவருக்கே காட்டும் பெட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், போயா எனும் முழுநிலவு நாள் விடுமுறைப் பிற்பகல்களில், என் மனைவியின் தம்பியும் நானும் ‘மெமுவார் 44’ ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தம் பயணப்பொதியில் கொண்டுவந்து தந்த பெட்டி அது. இரண்டாம் உலகப் போரின் களங்களை மேசைமேல் விரிக்கும் இந்த விளையாட்டை வடிவமைத்தவர் ரிச்சர்ட் போர்க். நார்மண்டித் தரையிறக்கத்தின் 60ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி 2004இல் டேஸ் ஒஃப் வொண்டர் நிறுவனம் இதை வெளியிட்டது. புதியவர்களுக்கான எளிய விளையாட்டு என்று இதைச் சொல்வது வழக்கம். விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் திறமையை வளர்த்துக்கொள்ளவும், தாம் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதைக் கண்டுகொள்ளவும் இதைவிட நல்ல மேசைப் போர் விளையாட்டை நான் ஆடியதில்லை.

பலகை முழுவதும் அறுகோணக் கட்டங்கள். அவற்றை இடம், நடு, வலம் என மூன்று பகுதிகளாக இரு கோடுகள் பிரிக்கின்றன. காலாட்படைப் பிரிவு ஒன்றில் 4 உருவங்கள், போர்த் தாங்கிப் (டாங்கி) பிரிவில் 3, பீரங்கிப் பிரிவில் 2. நம் முறை வரும்போது கையிலுள்ள கட்டளை அட்டை ஒன்றைப் போட வேண்டும். பெரும்பாலான அட்டைகள் ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ள சில பிரிவுகளை மட்டுமே இயக்க விடுகின்றன. எதிரியின் பிரிவொன்றை முற்றாக அழித்தால் ஒரு பதக்கம். அந்தக் களத்துக்குக் குறித்த எண்ணிக்கையில் முதலில் பதக்கம் சேர்ப்பவர் வெல்கிறார்.

தொடக்கத்தில் நான் தோற்ற ஆட்டங்கள் அனைத்தையும் பகடையின் கணக்கில் எழுதிவந்தேன். அது தவறு என்பதைப் பகடையே சொல்லித் தந்தது. ஆறு முகங்களில் இரண்டு காலாட்படையைக் குறிப்பவை. ஒன்று தாங்கி, ஒன்று கைக்குண்டு, ஒன்று கொடி, ஒன்று நட்சத்திரம். கைக்குண்டு எந்தப் பிரிவையும் தாக்கும். ஆகவே ஒரு பகடை காலாட்படையைத் தாக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, தாங்கியை மூன்றில் ஒன்று, பீரங்கியை ஆறில் ஒன்று. வெட்டவெளியில் நிற்கும் காலாட்படைமீது தாங்கிப் பிரிவு மூன்று பகடை உருட்டும்; சராசரியாக ஒன்றரை உருவம் விழும். அதே காலாட்படை காட்டுக்குள் நின்றால் தாங்கி இரண்டு பகடைகளை இழக்கிறது. சராசரி அரை உருவமாகச் சுருங்குகிறது. இந்தக் கணக்கை அறியாமல் நான் எத்தனையோ முறை தாங்கிகளைக் காட்டோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பகடை கைவிட்டது என்று வருந்தியிருக்கிறேன்.

இதைவிட ஆழமான பாடம் ஒன்று விதிகளுக்குள் அமைதியாக இருக்கிறது. ஒரு பிரிவில் எத்தனை உருவங்கள் எஞ்சினாலும், அது உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை குறைவதில்லை. நான்கு பேர் நிற்கும் காலாட்படையும், ஒருவர் மட்டும் எஞ்சிய காலாட்படையும் அருகில் நிற்கும் எதிரியை ஒரே வலுவுடன் தாக்குகின்றன. வேறுபாடு என்னவென்றால், அந்த ஒருவர் எதிரிக்கு ஏறக்குறைய கைக்கெட்டிய பதக்கம். அவரைப் பின்னுக்கு இழுத்து மறைவில் வைப்பதா, இன்னும் ஒரு முறை முன்னே அனுப்பித் தாக்குவதா என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் பல முறை விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பின்வாங்கச் செலவிடும் அட்டை, முன்னேறுவதற்குக் கிடைக்காமல் போன அட்டை என்பதால் இந்த விடை ஒருபோதும் எளிதன்று. என் ஆட்டம் தேறியது இந்த ஒரு கேள்வியில் நின்று நிதானித்துச் சிந்திக்கப் பழகிய பிறகுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அட்டைகளைக் கையாளும் திறமை எனக்கு வேறோர் இடத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு, துரும்பை எப்போது இறக்குவது, எதற்காகக் காத்திருப்பது என்ற பொறுமை இளமையிலேயே படிந்திருக்கும். அந்தப் பொறுமை இங்கே அப்படியே பயன்படுகிறது. கையில் வலப்பகுதிக்கான அட்டைகள் இரண்டு மூன்று சேரும்வரை அங்கே தாக்குதலைத் தொடங்காமல் இருப்பவரே, தொடங்கிய பின் அதை நடுவழியில் கைவிடாமல் முடிக்கிறார்.

ஆட்டப்பாணி பற்றிச் சொல்வதற்கு, விதிப்புத்தகம் பரிந்துரைக்கும் முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே களத்தை இரு முறை, பக்கம் மாறி ஆடி, இரண்டிலும் பெற்ற பதக்கங்களைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கலாம். களங்களுள் பல சமநிலையற்றவை. முதற்களமான பெகாசஸ் பாலத்தில், 1944 யூன் 6ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும் கிளைடர்களில் வந்திறங்கிய பிரித்தானியப் படையின் பக்கம் ஆடுபவருக்குத் தெளிவான அனுகூலம் உண்டு. பக்கம் மாறி ஆடும்போது அந்த அனுகூலம் கழிந்துபோக, எஞ்சி நிற்பது ஆடுகிறவரின் இயல்புதான். நாங்கள் ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் ஒரு பயிற்சிக் கொப்பியில் மூன்று நான்கு வரிகள் எழுதிவந்தோம். சில மாதங்கள் கழித்து அதைப் புரட்டிய தம்பி, “அத்தான், எந்தப் பக்கம் நிண்டாலும் நீங்கள் முதல்ல பீரங்கியைத்தான் தேடிப் போறீங்கள்” என்றார். கொப்பி அதைத்தான் காட்டியது. ஆறில் ஒரு வாய்ப்பே உள்ள இலக்கை நோக்கி நான் மீண்டும் மீண்டும் படையைச் செலுத்தியிருக்கிறேன். அவரோ ஊர்க்கட்டடங்களுக்குள் புகுந்தால் வெளியே வரத் தயங்குகிறவர். அதன்பின் மூன்று மாதங்களுக்கு இருவரும் மற்றவரின் பாணியில் ஆடுவதென்று உடன்பட்டோம். நான் காத்திருக்கக் கற்றேன். பீரங்கியை அடக்கும் ஆவல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இப்போது காலாட்படையை மறைவிடம் மறைவிடமாக நகர்த்திக்கொண்டுபோய் அதைச் செய்கிறேன். அதுதான் என் பாணி என்று சொல்லிக்கொள்ள இப்போது தயக்கமில்லை.

குறைகளும் உண்டு. தேவையான பகுதிக்கு ஓர் அட்டையும் இல்லாமல் நான்கு ஐந்து முறைகள் கழிந்துவிடும்போது, எந்தத் திறமையும் அதை ஈடுசெய்வதில்லை. ஓவர்லோட் எனப்படும் பெருங்களங்களை ஆட இரண்டு பெட்டிகள் வேண்டும். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. எங்கள் பெட்டியில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. என் மகளுக்காக ஒவ்வோர் அட்டைக்கும் தமிழ்ச் சுருக்கம் எழுதி உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

போர் எங்கள் வீட்டில் விளையாட்டுப் பொருளாக எளிதில் நுழையக்கூடியதன்று. மேசையில் பச்சைநிறச் சிப்பாய்களைக் கண்ட முதல் நாள் என் மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பின்னர் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே தொடர்ந்து ஆடினோம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதையும், குதிரைப்பந்தயத் திடலிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து அவற்றை எதிர்த்ததையும் ஒருநாள் மகளுக்கு விளக்கியபோது, அவரும் வந்து அருகில் அமர்ந்து கேட்டார்.

பெட்டியை வாங்க எண்ணுகிறவர்கள், ஒரே எதிராளியுடன் தொடர்ந்து ஆட முடியுமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆள் மாறி ஆள் ஆடினாலும் பொழுது இனிதாகப் போகும். ஆனால் உங்கள் பழக்கத்தைக் கவனித்துச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். பக்கம் மாறி இரு முறை ஆடி முடிக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது; மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, கொப்பியை மேசையிலேயே வைத்துக்கொண்டு ஆடுங்கள்.