ஏர் ரைபிளின் வேகம்: க்ரோனோகிராஃபா, செல்போன் மைக்கா, ஊசல் கட்டையா?

சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் பத்து மீட்டர் போட்டி ஏர் ரைபிளில் பெல்லட்டின், அதாவது சின்ன ஈயக் குண்டின், வேகம் நொடிக்கு 170 முதல் 175 மீட்டர் வரை இருந்தால் போதும். 0.53 கிராம் பெல்லட் 172 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் 7.8 ஜூல். அதற்கு மேல் கூட்டினால் புள்ளி ஏறாது, காற்றுதான் சீக்கிரம் தீரும்.

அப்படியானால் வேகத்தை ஏன் அளக்க வேண்டும்? துப்பாக்கிக்குள் காற்றின் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் முனையில் இருக்கும் பொட்டளவு பிரஷர் கேஜை முழுதாக நம்ப முடியாது. 300 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் 2.5 வகுப்பு கேஜ், அதாவது 2.5 சதவீதப் பிழைக்கு இடம் தரும் கேஜ், 7.5 பார் கூடவோ குறையவோ காட்டினாலும் அது தர வரம்புக்குள்தான். தவிர, அது காட்டுவது சிலிண்டரின் அழுத்தத்தை மட்டுமே. சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் ரெகுலேட்டருக்கு அப்பால், சுடும்போது திறக்கும் வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும் காற்றின் அழுத்தத்தை அது பார்ப்பதே இல்லை. பெல்லட்டைத் தள்ளுவதோ அந்தக் காற்றுதான்.

வேகத்தை அளக்க நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

வேகம் அளக்கும் கருவியான க்ரோனோகிராஃப் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டு சென்சார், நடுவே தெரிந்த இடைவெளி. 30 செ.மீ. இடைவெளியை 172 மீட்டர் வேக பெல்லட் 1.74 மில்லி செகண்டில் கடக்கும். சென்சார் பொருத்தியதில் 3 மி.மீ. பிசகு இருந்தால் வேகத்தில் 1 சதவீதம் பிசகும். பெல்லட் 5 டிகிரி சாய்வாகப் போனால் 0.4 சதவீதம் குறைத்துக் காட்டும். இவை சின்னப் பிழைகள். பெரிய தொல்லை வெளிச்சம். மேலே இருந்து வரும் வெளிச்சத்தை நம்பும் திறந்த வகைக் கருவி, அரங்கின் எல்.இ.டி. குழல் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குவதைப் பெல்லட் என்று எண்ணிக்கொண்டு தாறுமாறான எண்ணைக் கொடுக்கும். மாலை வெயில் சாய்வாக ஒரு சென்சாரில் மட்டும் விழுந்தாலும் இதே கதிதான். (அதற்காக வெளிச்சம் தேடி மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிய பெல்லட் அடுத்த தெருவில் போய் விழும்.) வாங்குவதானால் சொந்தமாக இன்ஃப்ராரெட் வெளிச்சம் வைத்திருக்கும், துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டும் வகையை வாங்குங்கள். மாட்டியபின் குழலும் கருவியின் துளையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்லட் ஓரத்தில் உரசினால் எண்ணும் போச்சு, சென்சாரும் போச்சு.

செல்போன் மைக் முறையில் செலவே இல்லை. சுடும் சத்தத்துக்கும் பெல்லட் இரும்புத் தட்டில் படும் சத்தத்துக்கும் நடுவே உள்ள நேரத்தை ஒலி எடிட்டர் செயலியில் பெரிதாக்கிப் பார்த்து அளக்கிறோம். இதில் பலர் தப்பு செய்வது போன் வைக்கும் இடத்தில். சுடுபவர் பக்கத்தில் வைத்தால், தட்டின் சத்தம் திரும்பி வரும் நேரத்தைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒலியின் வேகம் தெரிய வேண்டும், அதுவோ வெப்பத்தோடு மாறும். 20 டிகிரியில் 343 மீட்டர், கடலூர் பகல் வெப்பமான 34 டிகிரியில் 352 மீட்டர். புத்தகத்தில் உள்ள 343ஐயே போட்டால் விடையில் 1 சதவீதத்துக்கு மேல் பிசகும். குழல் முனைக்கும் தட்டுக்கும் சரிபாதியில் போனைத் தரையில் வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். இரண்டு சத்தமும் ஒரே தூரம் நடந்து வருவதால் ஒலியின் வேகம் தானே கழிந்துவிடும். பதிவை ஆரம்பித்துவிட்டுப் பின்னால் வந்து சுடுங்கள். துப்பாக்கியில் பெல்லட் இருக்கும்போது போனை எடுக்க யாரும் முன்னே போகக் கூடாது.

குழல் முனையிலிருந்து தட்டு 9.3 மீட்டர், இடைவெளி 57 மில்லி செகண்ட் என்றால் வேகம் 163 மீட்டர். இது பாதை முழுவதற்குமான சராசரி. தட்டை முகப் பெல்லட் பத்து மீட்டருக்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழந்துவிடும். அதனால் முனை வேகம் இதைவிட 5, 6 சதவீதம் கூட இருக்கும். காகித இலக்கு மட்டும் வைத்தால் சத்தம் மழுங்கி, அலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சிலிண்டர் இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைபிளுக்கு இந்த முறை ஒத்துவராது. பெல்லட் வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடும் சத்தம் பதிவாகி, நேரம் நீண்டு, வேகம் குறைவாகத் தெரியும்.

ஊசல் கட்டை மூன்றிலும் பழையது. பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் விவரித்த முறை இது. 200 கிராம் எடையில், முகப்பில் குழந்தைகள் பிசைந்து விளையாடும் களி அப்பிய ஒரு பெட்டியை 1 மீட்டர் நீளமுள்ள நான்கு கயிறுகளில் கட்டித் தொங்க விடுங்கள். ஒற்றைக் கயிறு என்றால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். பின்னால் ஒரு ஸ்கேலை நிறுத்தி, ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். 172 மீட்டர் வேகப் பெல்லட் பட்டால் பெட்டி 14.5 செ.மீ. பின்னே போகும். கணக்கு எளிது: பெட்டியும் பெல்லட்டும் சேர்ந்த எடையைப் பெல்லட் எடையால் வகுத்து, வந்ததை, பெட்டி நகர்ந்த தூரத்தாலும் (மீட்டரில்) 3.13ஆலும் பெருக்க வேண்டும். 200.53ஐ 0.53ஆல் வகுத்தால் 378. அதை 0.145ஆலும் 3.13ஆலும் பெருக்கினால் 172 வந்துவிடும்.

இதன் உயிர் பெல்லட் எடையில் இருக்கிறது. 0.01 கிராம் தப்பினால் விடை 2 சதவீதம் தப்பும். டப்பாவில் அச்சடித்த எண்ணை நம்பாமல், நகைக்கடைத் தராசில் 50 பெல்லட்டை ஒன்றாக நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள். பெல்லட் களியில் புதையாமல் துள்ளித் திரும்பினால் வேகம் கூடுதலாகத் தெரியும், கண்ணுக்கும் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தினமும் செய்கிற வேலை இல்லை இது. க்ரோனோகிராஃப் பொய் சொல்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

தினசரிப் பயிற்சிக்கு என்றால் குழல்முனை க்ரோனோகிராஃப்தான். கருவி வாங்க வழியில்லாத வீட்டில், சிலிண்டர் வைத்த ரைபிள் போன மாதம் போலவே ஓடுகிறதா என்று ஒப்பிட மட்டும் நடுவில் வைத்த போன் போதும்.

எண் கையில் வந்தபின் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பத்து நிமிடம் ஓய்வுக்குப் பின் முதல் ஷாட் 181, அடுத்தவை 173, 172, 173 என்று வந்தால் ரெகுலேட்டர் கசிகிறது. சும்மா இருக்கும்போது உயர் அழுத்தக் காற்று மெல்ல உள்ளே ஊறிவிட்டது. ரெகுலேட்டருக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் 'சீட்' என்ற பாகத்தை மாற்ற வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத பிசிபி (அழுத்திய காற்றைச் சிலிண்டரில் வைத்திருக்கும்) ரைபிளில் நிரப்பியவுடன் வேகம் குறைவாக இருந்து, சுடச்சுட ஏறினால், காற்று குறைவு என்று நினைத்து மேலும் அடைக்காதீர்கள். அழுத்தம் அதிகமாகி, துப்பாக்கிக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலால் அதைத் திறக்க முடியாமல் போனதன் அடையாளம் அது. ஸ்பிரிங் ரைபிளில் திடீரென வேகம் எகிறி, சத்தம் வெடித்து, புகை வந்தால் உள்ளே போன எண்ணெய் பற்றுகிறது. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ பிஸ்டன் பக்கம் போகவே கூடாது. சீலும் ஸ்பிரிங்கும் நாசமாகும்.

காற்று நிரப்புவதில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஸ்கூபா டைவிங் (கடலடி நீச்சல்) காற்று டேங்க். டைவிங் காற்று வடிகட்டி உலர்த்தப்பட்டது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றை ஹேண்ட் பம்பில் அடித்தால் தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். 200 பார் உள்ள 12 லிட்டர் டேங்கிலிருந்து 80 பாருக்கு இறங்கிய 0.2 லிட்டர் ரைபிள் சிலிண்டரை நிரப்பினால் டேங்கில் 2 பார்தான் குறையும். மெதுவாக நிரப்புங்கள். வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து மட்டும் ஒருபோதும் நிரப்பக் கூடாது. உள்ளே உள்ள கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும்.

சிலிண்டரில் பொறித்த எழுத்தையும் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பிடபிள்யூ (PW) 200 என்பது வேலை அழுத்தம், பிடி (PT) 300 என்பது தொழிற்சாலையில் சோதித்த அழுத்தம். 300ஐப் பார்த்துவிட்டு அதுவரை நிரப்பலாம் என்று எண்ணுவது மிக ஆபத்தான தவறு. 25 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டரைக் கத்திரி வெயிலில் காருக்குள் விட்டு அது 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 223 பாரைத் தாண்டும். உற்பத்தித் தேதியும் அங்கேயே இருக்கும். போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது வீரரின் பொறுப்பு என்பது சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதி. பளபளப்பாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய சிலிண்டரில் காற்று அடைக்காதீர்கள்.