பழைய கால் மிஷின்: மலைக்குப் போக ஏலாதவர்கள் வாங்கலாமா?

தேயிலைக் கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனவர், உழைத்த ஆளைத் திடீரென்று பறிகொடுத்த வீட்டார்... சம்பளம் நின்ற மறு மாதமே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எழுகிற பேச்சு, "ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டால் என்ன?" என்பதுதான். யோசனையில் பிழையில்லை. எந்த மிஷின் என்பதில்தான் காசு வீணாகிறது.

கரண்டில் ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் மிஷின் பார்க்க அழகு. நாலு மடிப்புத் துணியில் முனகும், மழையில் கரண்ட் போனால் ஓடரும் நிற்கும். எங்கள் ஓட்டு காலால் மிதித்து ஓட்டும் கால் மிஷினுக்கு, அதன் மேசைமேல் இருக்கும் பழைய கறுப்பு இரும்புத் தலைக்கு: சிங்கர் 15 வகை, அல்லது அதே அமைப்பில் வந்த வேறு பெயர்கள். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். இந்தத் தலையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மிஷின் திருத்துகிற பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள்.

முழங்கால் நோவோடு மிதிக்க முடியுமா? மிதிபலகைக்கு அதிகம் வேலை செய்வது முழங்கால் அல்ல, கணுக்கால். கதிரை உயரம் சரியாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கணுக்கால் உடைந்து கம்பி வைத்தவருக்கு இது சரிவராது. அவர் கைப்பிடி வைத்த கை மிஷினைத் தேட வேண்டும். எதற்கும் வாங்குமுன் பத்து நிமிடம் மிதித்துப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது புதிய 14ஆம் நம்பர் ஊசி ஒன்று, நூல், வெள்ளைச் சீருடைத் துணித் துண்டு, பழைய டெனிம் துண்டு எடுத்துப் போங்கள். விற்பவர் தரும் துணியில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். முதலில் நூல் இல்லாமல் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள், எங்கேயும் பிடிக்கக்கூடாது. ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் தேய்ந்த தலை, தையல் தாண்டும், விட்டுவிடுங்கள். துணியைத் தள்ளும் பல்லை விரலால் தடவினால் கூர் தெரிய வேண்டும். மிதிபலகையைப் பெரிய சக்கரத்தோடு இணைக்கும் கம்பியில் வெடிப்பு, வார்ப்பிரும்புக் காலில் ஒட்டு வைத்த தடம், மேசையில் உளுப்பு என எது இருந்தாலும் விலையைக் குறைக்கக் கேளுங்கள். தலைக்கு ஒரு விலை, காலுக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசினால் பேரம் எளிது.

சேமலாப நிதிக் காசு வந்தவுடன் முழுவதையும் இதில் கொட்ட வேண்டாம். வாராவாரம் கட்டும் நுண்கடனில் வாங்குவது அதைவிட மோசம். தையல் வருமானம் வாரக்கணக்கில் வராது. பாடசாலை தொடங்கும்போதும் தீபாவளிக்கு முன்னும் குவியும், நடுவில் காயும்.

இறுகிப்போன மிஷினைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பாதிக் கோளாறு தேங்காய் எண்ணெய் விட்டதால் வருவது. அது 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் காலையில் போத்தலிலேயே கட்டியாக நிற்கிற எண்ணெய் மிஷினுக்குள் மட்டும் உருகியா இருக்கும்? எண்ணெய்த் துளைகளில் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூலில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, வரும் கறுப்பைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் போடுங்கள். அடுப்புப் பக்கம் வைத்து இதைச் செய்யாதீர்கள்.

புதிதாகப் பழகுபவரின் பெரிய எதிரி பின்னோக்கிச் சுற்றும் சக்கரம். ஒரே சுற்றில் நூல் அறும், உள்ளே சிக்கும். சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாது. அப்படி விட்டு மூன்று நாள் மிதி மட்டும் பழகுங்கள். பிறகு கோடு போட்ட கொப்பித் தாளில், நூலில்லாமல், கோட்டின் மேலேயே ஊசித்துளை விழுகிறதா என்று பாருங்கள்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பொபினைத் திட்டுவார்கள். குற்றம் அநேகமாக மேல் நூலில்: இறுக்கும் தட்டுகளுக்கு நடுவில் அது போய் உட்காரவில்லை. ஊசிக்கடியில் துணியை அழுத்தும் இரும்புக் காலைத் தூக்கிவைத்து நூலை மறுபடி கோர்த்துவிடுங்கள். தையல் தாண்டினால் ஊசியைப் பாருங்கள். வளைந்திருக்கும், அல்லது திருப்பிப் பூட்டியிருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீளப் பள்ளம் இருக்க வேண்டும். தலைக்குத் தலை இது மாறும். அதனால் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

இந்த மிஷினில் ஜிக்ஜாக் என்கிற வளைந்து வளைந்து போகும் தையல் கிடையாது, பட்டன் துளை கையால்தான். ஓரம் பிரியாமலிருக்க மடித்துத் தைக்கப் பழக வேண்டும். இழுபடும் டீசேர்ட் துணியைத் தயவு தாட்சண்யமின்றித் திருப்பி அனுப்புங்கள்.

எடுக்க வேண்டிய வேலை வேறு. அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடையைத் துணியாகத்தான் தருகிறது, தைப்பது வீட்டார் பாடு. அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் வைத்தால் போதும். ஆனால் சட்டை வெட்டப் பழகும்வரை தலையணை உறை, கிழிசல், கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் முரட்டுப் படங்கு இவற்றோடு நில்லுங்கள். படங்குக்கு 18ஆம் நம்பர் ஊசியும் தடித்த நூலும் வேண்டும். சில்லறை வேலைதான், ஆனால் வருடம் முழுக்க வரும்.

கனத்த துணியில் மிதி சுற்றியும் ஊசி இறங்காவிட்டால் மேல், கீழ்ச் சக்கரங்களை இணைக்கும் தோல் வார் தொய்ந்திருக்கிறது. அரை அங்குலம் வெட்டிக் கம்பியால் மறுபடி இணைத்துவிடுங்கள். சிமெந்துத் தரை மேடுபள்ளமென்றால் ஆடும் காலுக்கடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு. இரவில் எண்ணெய் தொட்ட துணித்துண்டை ஊசிக்கடியில் வைத்து, தலையைப் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் பனி ஈரம் உள்ளேயே நின்று துருவேற்றும்.