பெரியவர்கள் வேதபாடத்துக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? மூன்றின் மதிப்பீடு

கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் பெரியவர்களுக்கு வேதபாடம் தொடங்கும்போது பாடப்புத்தகம் எது என்றுதான் முதலில் கேட்பார்கள். வகுப்பு நாலாவது வாரம் சோர்ந்து போவதற்குப் பெரும்பாலும் பாடப்புத்தகம் காரணமில்லை, கையிலிருக்கும் மொழிபெயர்ப்புதான் காரணம்.

பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ் வாசிப்பை விட்டவர் ஒருவர். தேசியப் பள்ளியில் படித்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்தவர் இன்னொருவர். பக்கத்தில், சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லும் எழுபது வயது அம்மா. மூவருக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது.

மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் எல்லாரிடமும் இருப்பது ஓ.வி. என்கிற பழைய மொழிபெயர்ப்பு. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்து, ஹென்றி பவர் குழு 1871இல் முடித்தது. அதன் ஓசைக்கு இன்றுவரை ஈடில்லை, மனப்பாட வசனத்துக்கு வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் படித்துப் புரிந்துகொள்ள அதை மட்டும் கொடுத்தால், புரியாததைப் புரிந்தது போலத் தலையாட்டும் பழக்கம்தான் வளரும்.

தெரியாத சொல் வந்தால்கூடப் பரவாயில்லை. ‘உக்கிராணக்காரன்’ (வீட்டு நிர்வாகி), ‘தேற்றரவாளன்’ (ஆறுதல் தரும் பரிசுத்த ஆவி) என்று வந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வருவதுதான் சிக்கல். 23ஆம் சங்கீதத்தில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்பதைப் பலர் ‘நான் தாழ்ந்து போகமாட்டேன்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. மத்தேயு 28:19இல் ‘சகல ஜாதிகளையும்’ என்பது எல்லா இன மக்களையும் குறிக்கிறது. இன்றைய காதுக்கு அது சாதி என்றே விழும். நடத்துகிறவர் இந்த இரண்டு இடங்களிலும் நின்று விளக்காமல் போனால் பாடம் தடம் மாறிவிடும்.

கத்தோலிக்க ஆலயங்களில் புழங்கும் திருவிவிலியம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, அதாவது கத்தோலிக்கரும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரும் சேர்ந்து செய்தது. அதே வசனங்கள் இதில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்றும் ‘எல்லா மக்களினத்தாரையும்’ என்றும் வருகின்றன. தேற்றரவாளன் இங்கே துணையாளர். பொருள் விளங்க மூன்றில் இதற்கே முதலிடம் கொடுப்போம். சீர்திருத்த சபையார் வாங்கினால் இரண்டு தடைகள் வரும். ஒன்று, நூல்களின் பெயர்: ஆதியாகமம் தொடக்கநூல் ஆகும், உபாகமம் இணைச்சட்டம் ஆகும். பெயர்களை எதிரெதிரே எழுதிய ஓர் அட்டையை அச்சிட்டு எல்லார் புத்தகத்திலும் செருகிவிட்டால் தீர்ந்தது. 66 நூல்களுக்கு மேல் இருக்கிறதே என்று கேட்பவருக்கு, கூடுதலானவை கத்தோலிக்கர் ஏற்கும் இணைத்திருமுறை நூல்கள் என்று ஒரு வரி போதும். இரண்டாவது தடை ‘கடவுள்’ என்ற சொல். ‘தேவன்’தானே சரி என்று ஒருவர் ஆரம்பித்தால் அன்றைய வகுப்பு அத்தோடு போச்சு. முதல் வாரமே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, ‘பரிசுத்த பைபிள்’ என்ற எளிய மொழிபெயர்ப்பு. குட்டி வாக்கியங்கள். ஆறாம் ஆண்டுத் தமிழே போதும். பழகிய ‘தேவன்’, ‘கர்த்தர்’ அப்படியே இருப்பதால் சண்டை வராது. குறை என்னவென்றால், உருவகத்தை விரித்துச் சொல்லிவிடுவதால் கேள்வி கேட்க இடமே மிஞ்சாது. சுவிசேஷங்களுக்குச் சரி. சங்கீதத்துக்கும் ஏசாயாவுக்கும் வேண்டாம்.

எங்கள் தேர்வு ஓ.வி.யும் திருவிவிலியமும் சேர்ந்த இரட்டை. ஒன்றரை மணி நேர வகுப்புக்கு 10 முதல் 15 வசனம் போதும். முதலில் ஓ.வி.யை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், பிறகு அதே பகுதியைத் திருவிவிலியத்தில் இன்னொருவர். வேறுபடும் சொற்களைப் பென்சிலால் கோடிட்டு, மூன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மூன்றாவது மொழிபெயர்ப்பை மேசைக்குக் கொண்டுவந்தால் பேச்சு முழுக்கச் சொல்லாராய்ச்சியாகி, ‘இந்த வாரம் இதன்படி எப்படி நடப்பது’ என்ற கேள்விக்கு நேரமே இருக்காது. ஆளுக்கொரு வசனம் என்று சுற்றில் வாசிக்கச் சொல்வதையும் தவிருங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் கூச்சப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டார். வாசிக்கப்போகிறவருக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் பகுதியைச் சொல்லிவிடலாம். தமிழ் எழுத்துத் தெரியாதவருக்கு அதே பகுதியை வாசித்து ஒலிப்பதிவாக அனுப்பலாம்.

யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலியில் ஓ.வி.யும் எளிய மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. வசனத்தைத் தொட்டால் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு. வீட்டில் தயாரிக்க அருமையான கருவி, ஆனால் வகுப்பில் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கும். வகுப்பில் அச்சுப் புத்தகமே இருக்கட்டும்.

அச்சுப் பிரதி வாங்கும்போது எழுத்தளவைக் கடையிலேயே பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சிறிய கைப்பிரதி உதவாது. செயற்கைத் தோல் அட்டை நம்மூர் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் உரிந்து கையில் ஒட்டும். சாதாரணக் கெட்டி அட்டைப் பிரதியை வாங்கித் துணியுறை போடுவது மேல். ஓரத்தில் எழுதப் பால்பாயின்ட் வேண்டாம், மெல்லிய தாளில் அழுத்தம் மறுபக்கத்தில் தெரியும். 2பி பென்சில் போதும்.