பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கலாமா? டிரையரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

வாங்கலாம், டிரையர் பக்கம், அதாவது துணியைச் சுற்றிப் பிழியும் தொட்டி, திடமாக இருந்தால். திருகும் டைமர் வைத்த பழைய இரட்டைத் தொட்டி மெஷினைப் பற்றி நம் முடிவு இவ்வளவுதான். அது திடமாக இருக்கிறதா என்று விற்பவர் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

விற்பவர் முதலில் காட்டுவது துவைக்கும் தொட்டியைத்தான். டைமரைத் திருகியதும் அடியிலுள்ள பல்சேட்டர் என்ற சுழல்தட்டு வலமும் இடமுமாகச் சுற்றும். வாங்க வந்தவருக்கு மனம் நிறைந்துவிடும். அந்தப் பக்கத்தில் அடிக்கடி கெடுபவை டைமர், கெப்பாசிட்டர் (மோட்டார் சுழலத் தொடங்க உதவும் சிறு டப்பா), பெல்ட் ஆகிய மூன்றும். மூன்றுமே பல கம்பெனி மெஷின்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் மலிவான சாமான்கள், தெரிந்தவர் கையில் ஒரு மணி நேர வேலை. டிரையர் பக்கம் வேறு கதை. அங்கே ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் நேராக மோட்டார் தலையில் சொட்டும், பேரிங் துருப்பிடிக்கும், மோட்டாரே போகும். மோட்டார், சீல், பிரேக், கூலி என்று கூட்டினால் மெஷினுக்குக் கொடுத்த விலையைத் தொட்டுவிடும்.

பழைய முழு ஆட்டோமேட்டிக்கை விட்டு இதைத் தேடிப் போக நல்ல காரணம் உண்டு. இதில் எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. முழு ஆட்டோமேட்டிக்கில் போர்டு எரிந்து, அந்த மாடலுக்கு அது வருவதும் நின்றுபோயிருந்தால், மெஷினை எடைக்குத்தான் போட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் இருப்பது சாவி கொடுக்கும் கடிகாரம் போன்ற டைமர், இரண்டு மோட்டார், கொஞ்சம் ஒயர், அவ்வளவே. குழாயில் அழுத்தம் தேவையில்லை, வாளியால் ஊற்றினாலும் துவைக்கும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கும், அலசிய தண்ணீரை அடுத்த அழுக்குத் துணிக்கு எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கும் இது ஒத்துவரும்.

பார்க்கப் போகும்போது இரண்டு குளியல் துண்டு, ஒரு செய்தித்தாள், டார்ச், ஸ்டார் திருப்புளி, மல்டிமீட்டர் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்க விடுவாரா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. மறுப்பவரிடம் போக வேண்டாம். அந்த மூடிக்குள்தான் மெஷினின் முழுச் சரித்திரமும் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் டிரையர் மோட்டாரின் தலையைப் பாருங்கள். மோட்டாருக்கு மேலே, டிரையர் கூடையின் தண்டு தொட்டிக்குள் நுழையும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும். மெக்கானிக்குகள் அதை பெல்லோ சீல் என்பார்கள். அதன் கீழே வெள்ளைப் பொடி வழிந்த தடமும், மோட்டார் மூடியில் துருவும் தெரிந்தால் சீல் வெகு நாளாக ஒழுகுகிறது என்று பொருள். போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் இந்தத் தடம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் தண்ணீர் காய்ந்த பின்னும் உப்பு அங்கேயே நிற்கும். சீலை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறேன் என்று விற்பவர் சொன்னால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல், தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்று இருந்தால் பேரிங்குக்குத் தண்ணீர் போய்விட்டது.

கூடையை ஆட்டினால் அசைகிறதே என்று பயப்பட வேண்டாம். டிரையர் மோட்டார் ஸ்பிரிங் மேல்தான் உட்கார்ந்திருக்கும், மோட்டாரும் கூடையும் சேர்ந்து அசைவது இயல்பு. மோட்டார் அசையாமல் கூடை மட்டும் டக் டக்கென்று ஆடினால்தான் குறை. தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தண்டு தேய்ந்திருக்கும். போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடும். தண்டு தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிரேக். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நல்ல மோட்டார்கள் வீணாக மாற்றப்படுகின்றன. டிரையர் மூடியிலிருந்து ஒரு கம்பி இறங்கி மோட்டார் தலையிலுள்ள பிரேக் கட்டையோடு சேரும். மூடி மூடியிருக்கும்போது கம்பி கட்டையை இழுத்து விலக்கி வைக்கும். மூடியைத் திறந்தால் கம்பி தளர்ந்து கட்டை போய்ப் பிடிக்கும். வருடக்கணக்கில் கம்பி நீண்டுவிட்டால் மூடி மூடியிருந்தும் கட்டை முழுக்க விலகாது. மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே சுற்றும், வேகம் வராது, சூடேறும், ஒரு நாள் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) எரியும். கூடை மெதுவாகச் சுற்றுகிறது என்றதும் மோட்டார் போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். கம்பியை ஒரு துளை இழுத்து மாட்டினாலே சரியாகும் கேஸ்கள் நிறைய. டிரையர் மூடியை மூடி வைத்து, பிரேக் கட்டைக்கும் அது பிடிக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது மூடியைத் திறந்தால் பத்து விநாடிக்குள் கூடை நிற்க வேண்டும். நிற்காத மெஷினைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, பிரேக்கைச் சரிசெய்யாமல் கொண்டுபோகக் கூடாது. சுற்றும் கூடைக்குள் கை விட்டால் துணி விரலைச் சுற்றிக்கொள்ளும். இதில் சமரசம் வேண்டாம்.

துவைக்கும் பக்கத்துக்கு வருவோம். டைமரை எப்போதும் வலப்பக்கமாகத்தான் திருக வேண்டும். இடமாகத் திருகி உடைந்தவை ஏராளம். 15 நிமிடம் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் பல்சக்கரங்களைச் சுற்ற, அவற்றோடு சேர்ந்த கேம் தகடுகள் மோட்டாருக்கு மின்சாரத்தை ஒரு திசைக்கும் மறுதிசைக்கும் மாற்றி மாற்றி விடும். டிக் டிக் சத்தம் நடுவில் நின்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. சத்தம் ஒழுங்காக வந்தும் பல்சேட்டர் ஒரே பக்கம் மட்டும் சுற்றினால், டைமரின் ஒரு காண்டாக்ட் கருகியிருக்கும் அல்லது மோட்டாரின் ஒரு காயில் போயிருக்கும். இரண்டில் எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி (டிஸ்சார்ஜ் செய்து), மோட்டாரின் மூன்று ஒயர்களையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இரண்டு காயிலுக்கும் பொதுவான ஒயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஓம் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும், இரு திசையிலும் ஒரே வலுவோடு சுற்ற வேண்டிய மோட்டார் என்பதால். அந்த இரண்டுக்கும் இடையே அளந்தால் கூட்டுத்தொகை வரும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் காயில் கட்ட வேண்டிவரும். டிரையர் மோட்டாரில் இரண்டு அளவும் வேறுவேறாகத்தான் இருக்கும், அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

மின்தடை வந்தால் இந்த டைமர் நிற்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஸ்பிரிங்கில் ஓடுவதால், மோட்டார் நின்றபோதும் நேரம் கழிந்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் திரும்பத் திருகிக்கொள்ள வேண்டும்.

ம்ம் என்று முனகிவிட்டு எந்தப் பக்கமும் சுற்றாமல் நின்றால் உடனே ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பல்சேட்டரைக் கையால் திருப்புங்கள். எளிதாகத் திரும்பினால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். வாஷ் மோட்டாருக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோ ஃபாரட் அளவிலும், டிரையருக்கு 5 அளவிலும், 440 வோல்ட் என்று அச்சிட்டு இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும், பழையதில் உள்ள எண்ணையே பார்த்து வாங்க வேண்டும். கையால் திருப்பவே கடினமாக இருந்தால் பல்சேட்டருக்கு அடியில் நாணயமோ பட்டனோ சிக்கியிருக்கலாம், அல்லது தண்டு துருவேறி இறுகியிருக்கலாம். நடு ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே இழுத்தால் விடை தெரியும். உப்புப் படிந்து அது வரவே மறுத்தால், அடியில் சீலும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெல்ட்டை இரண்டு புல்லிக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்திருந்தால் மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி முறுக்கலாம். அடித்தட்டில் கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட் வழுக்கி வழுக்கி ஓடியிருக்கிறது, புதிது போட வேண்டும்.

இப்போது தண்ணீர்ச் சோதனை. இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டிக் காட்டுவதை ஏற்க வேண்டாம். அடியில் செய்தித்தாள் விரித்து, தொட்டியில் குறைந்தபட்சக் கோட்டுக்குமேல் தண்ணீர் ஊற்றி, துண்டுகளைப் போட்டு, முழு 15 நிமிடம் ஓட விடுங்கள். காயில் பலவீனமான மோட்டார் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் உள்ளிருக்கும் தெர்மல் கட் அதை நிறுத்திவிடும், ஆறிய பின் மறுபடி ஓடும். அவசர சோதனையில் இது பிடிபடாது. ஓடும்போதே செய்தித்தாளையும் கவனியுங்கள். துவைக்கும் தொட்டியின் நடுவுக்கு நேர் கீழே நனைந்தால் தண்டு சீல். டிரெயின் பைப்பிலிருந்து சொட்டினால் வால்வு ரப்பரில் முடியோ நூலோ சிக்கியிருக்கும், சுத்தம் செய்தால் போதும். டிரையர் சுற்றும்போது மட்டும் அந்தப் பக்கம் நனைந்தால் பெல்லோ சீல். பிறகு இரண்டு துண்டையும் டிரையரில் சமமாகப் பரப்பி, மேலே அமுக்கு மூடியை வைத்து, 5 நிமிடம் சுற்றவிடுங்கள். எடுத்துப் பிழிந்தால் சொட்டு வரக் கூடாது.

பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்கில் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகத் தாழ்வாகத்தான் வெளியேறும். உங்கள் வீட்டில் தண்ணீர் போகும் வழி தரை மட்டத்துக்கு மேல் இருந்தால் மெஷினை உயரமான ஸ்டாண்டில் வைக்க வேண்டும். பைப்பை மேலே தூக்கி விட்டால் தண்ணீர் தேங்கி டிரையர் தொட்டிக்குள் ஏறும், கூடை தண்ணீருக்குள் சுற்றும், கெடுவது மறுபடியும் அந்த சீலும் மோட்டாரும்தான்.

தொட்டியில் விரிசல் கண்டால் பேரம் பேசவே வேண்டாம். அந்த பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது. எம்சீல் வைத்தாலும் அதிர்வில் சில வாரத்தில் பெயர்ந்துவிடும். மாற்றுத் தொட்டி கிடைப்பதும் அரிது. அடித்தட்டு துருப்பிடித்து விரலால் அழுத்தினால் உதிர்கிறது என்றாலும் இதே முடிவு. மேல் பெயிண்ட் மங்கியது, ஸ்டிக்கர் போனது, குமிழ் உடைந்தது இவற்றை விலை குறைக்கக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மின்கசிவு பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாராவது எடுத்துவிட்டிருந்தால், அல்லது இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஷாக் அடித்ததால், அல்லது வீட்டு டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்ததால் அப்படிச் செய்திருப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப்பர்) உள்ள லைனில், சரியான எர்த்தோடு, தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். விழாமல் ஓட வேண்டும். உள்ளே ஒயர்களில் எலி கடித்த தடமும், டேப் சுற்றிய ஜாயின்ட்டும் பெரும்பாலும் இருக்கும். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினில் எலி கூடு கட்டுவது சகஜம். ஜாயின்ட் தண்ணீர் சொட்டும் இடத்தில் இல்லாமல், உலோக முனையால் நசுக்கி இணைத்து (கிரிம்ப் செய்து) உறை போட்டிருந்தால் பரவாயில்லை.

கம்பெனிப் பெயரைப் பெரிதாக எண்ண வேண்டாம். 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போன வீடியோகானின் பழைய மெஷின்கள் இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. பெல்ட், டைமர், கெப்பாசிட்டர் எல்லாம் பொதுச் சாமானாகவே வாங்கிப் போடலாம். மாடலுக்கென்றே வருபவை பல்சேட்டர், டிரையர் கூடை, மூடி. இந்த மூன்றில் ஒன்று உடைந்திருந்தால் மாடல் எண்ணைப் படம் எடுத்து உள்ளூர் ஸ்பேர் கடையில் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு சொல்லுங்கள்.

விலைக்கு ஒரு கணக்கு. புதிய 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக் சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, உத்தரவாதத்தோடு. ஐந்தாறு வருடம் ஓடிய, மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய மெஷினுக்குப் புதிய விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். பத்து வருடம் தாண்டியதற்கு அதில் பாதி. டிரையர் ஓடவில்லை, வாஷ் மட்டும் ஓடுகிறது என்றால் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். கையால் பிழிந்துகொள்கிறேன் என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கனமான ஜீன்ஸ், போர்வை வரும்போது அந்த ஏற்பாடு நிலைப்பதில்லை.

வாங்கிவிட்டால் நிமிர்த்தியபடியே ஏற்றுங்கள். டிரையர் கூடையைச் சுற்றித் துணி திணித்து ஆடாமல் செய்யுங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோனால் மோட்டார் ஸ்பிரிங் கழன்றுவிடும். வந்து இறங்கியதும் பெல்ட்டையும் கெப்பாசிட்டர்களையும் எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள், அடியில் எலி புகாத வலை அடியுங்கள், நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள். ஒரு கால் தூக்கியிருந்தால்கூட டிரையர் ஓடும்போது மெஷின் நடக்க ஆரம்பிக்கும். எழுதியிருக்கும் கிலோவில் முக்கால் பங்குக்கு மேல் போடாமல் ஓட்டுங்கள். ஒரு தடவை டிரையர் 5 நிமிடம் ஓடியதும் அடுத்த சுற்றுக்கு முன் சற்று நேரம் மோட்டாரை ஆறவிடுங்கள்.